"சளி மாத்திரை": கோத்தகிரியில் இரண்டு வயதான நாய்களோடு பதினாறு நாள்

இது நான் தங்கி வேலை பார்த்த ஒரு வீட்டில் நடந்தது. வீட்டுக்காரர்கள் படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகே வெளியிடுகிறேன். யார் என்று தெரியாமலிருக்கப் பெயர், வீடு இருக்கும் சரியான இடம், ஆண்டு மூன்றையும் விட்டுவிட்டேன். நேரமும் எண்ணிக்கைகளும் அப்போது எழுதிவைத்த நோட்டிலிருந்து எடுத்தவை.

பின்னணி

ஆறு ஆண்டுகளாக நீலகிரியில் இந்த வேலையைச் செய்கிறேன். வீட்டுக்காரர்கள் வெளியூர் போகும் நாட்களில் அவர்கள் வீட்டிலேயே தங்கி நாய்களையும் வீட்டையும் பார்த்துக்கொள்வேன். கூப்பிடுபவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றுக் கோத்தகிரி, குன்னூர் பக்கம் குடிவந்தவர்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ கடல் தாண்டியோ இருப்பார்கள். குடிவந்த புதிதில் வாங்கிய குட்டிக்கு இப்போது பத்து, பன்னிரண்டு வயது ஆகியிருக்கும். கோவையில் நாய்களைக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளும் விடுதிகள் உண்டு. ஆனால் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்துக் குளிரிலேயே வளர்ந்து முதிர்ந்த நாயைக் கொண்டை ஊசி வளைவுகளில் கீழே இறக்கி, வெக்கையில், தெரியாத நாய்களின் குரைப்புக்கு நடுவே விட்டுவர யாருக்கும் மனம் வருவதில்லை.

இந்த வீட்டில் இரண்டு நாய்கள். 12 வயது பெண் லாப்ரடார், 31 கிலோ. 11 வயது ஆண் பொமரேனியன், 9 கிலோ. நம் ஊரில் பொமரேனியன் என்று சொல்வது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ்தான். இதுவும் அதுதான், ஆனாலும் எல்லோரும் சொல்கிறபடியே நானும் சொல்கிறேன். வீட்டுக்காரர்கள் எழுபதைத் தாண்டிய தம்பதி. பெங்களூரில் மகளுக்குத் தலைப்பிரசவம், அதற்காக நவம்பரில் 16 நாள் போகவேண்டியிருந்தது. வீடு ஊரை விட்டுத் தள்ளி, மூன்று பக்கமும் தேயிலை.

அப்போது என் கூலி இரண்டு விதமாக இருந்தது. நோயில்லாத நாய்கள் என்றால் ஒரு நாளைக்கு 800 ரூபாய். மருந்து கொடுக்கவோ இரவில் எழுந்து பார்க்கவோ வேண்டியிருந்தால் 1,100. இதற்கும் பின்னால் நடந்ததற்கும் தொடர்பு உண்டு.

போனில் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்: "உடம்புக்கு ஏதாவது சரியில்லாம இருக்குங்களாம்மா?" வந்த பதில் நோட்டில் அப்படியே இருக்கிறது: "ரெண்டும் வயசானதுங்கம்மா. மத்தபடி ஒண்ணும் இல்லீங்க." 800 ரூபாய் என்று முடிவானது.

ஒப்படைத்த நாள்

ஞாயிற்றுக்கிழமை காலை போய்ச் சேர்ந்தேன். இரண்டு மணி நேரம் வீட்டுக்கார அம்மா வீட்டைச் சுற்றிக் காட்டினார். சோறு எவ்வளவு, எந்தக் கம்பளி யாருக்கு, வெந்நீர் எப்படிப் போடுவது என்று எல்லாம் சொன்னார். இரவு ஏழுக்கு மேல் பின்கதவைத் திறக்கவே கூடாது என்று மூன்று முறை சொன்னார். அது நியாயமான எச்சரிக்கை. இந்தப் பக்கம் சிறுத்தை வந்து நாயைத் தூக்கிப்போவது வழக்கமாக நடப்பது. கரடியும் காட்டுமாடும் தேயிலைக்குள் நடமாடும். இரவில் ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் கண்ணாடி அடைத்த பின் வராந்தாவில் நாளிதழ் விரித்திருக்கும், அங்கேயே போய்விடும் என்றார். பழைய நாளிதழ்கள் அங்கே இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தன. நன்றாகப் பழக்கப்பட்ட இரண்டு நாய்களுக்கு எதற்கு இவ்வளவு என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

சமையலறை அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் கத்தரித்த மாத்திரை அட்டைத் துண்டுகள். "சின்னதுக்குக் குளிர் ஒத்துக்காது, சளி பிடிச்சுக்கும். இருமினா இந்த வெள்ளை மாத்திரையில அரை குடுங்க" என்றார். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். கடையில் பத்தில் நான்கு என்று வெட்டிக் கொடுத்ததில் பெயர் போயிருந்தது. டப்பாவில் இன்னொரு வகை மாத்திரையும் கிடந்தது. அதைப்பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் எழுத வேண்டும். அந்த நேரத்தில் வீட்டு வேலைக்கு வரும் அக்கா டீ கொண்டுவந்து வைத்தார். பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஒன்பது வருடமாக வருபவர். டப்பா என் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "அந்த மாத்திரை..." என்று ஏதோ சொல்ல வந்தார். "நான் சொல்லிட்டேன், நீ கிளம்பு, பஸ்ஸு போயிரும்" என்று அம்மா முடித்துவிட்டார். நான் இருக்கும் 16 நாளும் அக்காவுக்குச் சம்பளத்தோடு லீவு. நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் மூன்று நாள்

இரண்டாம் நாள் காலை லாப்ரடார் என்னைக் கடித்தது. தூங்கிக்கொண்டிருந்ததைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், எழவில்லை. முதுகில் கை வைத்தேன். திடுக்கிட்டுத் திரும்பியதில் பல் பட்டு உள்ளங்கை ஓரத்தில் ரத்தம் வந்துவிட்டது. அதற்கு மேல் அது ஒன்றும் செய்யவில்லை, பயந்து ஒதுங்கி நின்றது. பிறகு அதன் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தேன். காது சுத்தமாகக் கேட்கவில்லை. அதுவும் எனக்குச் சொல்லப்படவில்லை. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவினேன். தடுப்பூசிப் புத்தகம் எங்கே என்று போனில் கேட்டதற்கு, பீரோவில் இருக்கிறது, சாவி எங்களிடம் என்றார்கள். ஊசி எப்போது போட்டது என்பதற்கு உறுதியான பதில் வரவில்லை. அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்கினேன். அன்று ஒன்று, பிறகு 3, 7, 28 ஆம் நாட்களில்.

இரவில் அது நடந்துகொண்டே இருந்தது. வராந்தாவுக்கும் கூடத்துக்கும் நடுவே போய்த் திரும்பும். சோபாவுக்கும் சுவருக்கும் இடையில் புகுந்து, பின்னால் வரத் தெரியாமல் அங்கேயே நிற்கும். வயதான நாய்களுக்கு வரும் மறதிநோயில் பகல் தூக்கமும் இரவு நடையும் இப்படித்தான் இருக்கும். என் கவனம் முழுவதும் பெரியதன் மேலேயே போயிற்று.

சின்னதைப்பற்றி அந்த மூன்று நாளில் நோட்டில் இருப்பது கொஞ்சம்தான். முதல் நாள் ஒரு லிட்டர் கிண்ணம் ராத்திரிக்குள் காலி, மூன்று முறை நாளிதழ் மாற்றினேன். 9 கிலோ நாய் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் குடித்தால் போதும். இரண்டாம் நாள் இரவு இருமியது. வறண்ட இருமல், கடைசியில் எதையோ கக்க வருவதுபோல் முடியும். அம்மா சொன்னபடி அரை மாத்திரையைச் சீஸ் துண்டுக்குள் வைத்துக் கொடுத்தேன். அன்றிரவு நிறைய சிறுநீர் போயிற்று, இருமல் அடங்கியது. "சளி மாத்திரை கேட்கிறது" என்று எழுதியிருக்கிறேன். சளி மாத்திரை கொடுத்தால் ஏன் இவ்வளவு சிறுநீர் போகிறது என்று கேட்டிருந்தால் கதை அங்கேயே திரும்பியிருக்கும்.

மூன்றாம் நாள் இருமல் இல்லை. மாத்திரை கொடுக்கவில்லை. தண்ணீர் குடிப்பது பாதியாகக் குறைந்தது. நாளிதழ் ஒரு முறைதான் மாற்ற வேண்டியிருந்தது. "பழகிவிட்டது, நிதானமாகிவிட்டது" என்று மகிழ்ந்து எழுதியிருக்கிறேன். இந்த வரியைத்தான் நான் அதிகம் திரும்பிப் படித்திருக்கிறேன்.

நான்காம், ஐந்தாம் நாள்

நான்காம் நாள் மாலை, படி ஏறி வந்த பொமரேனியன் வாசலில் நின்றுவிட்டது. வயிறும் சேர்ந்து ஏறி இறங்கியது. இரவு தூங்கும்போது முதன்முறையாக மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு 38. நன்றாகத் தூங்கும் நாய்க்கு 30க்குள் இருக்க வேண்டும். 30ஐத் தாண்டியே இருந்தால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அம்மாவைத்தான் கூப்பிட்டேன். "ஏறி இறங்கினா அதுக்கு மூச்சு வாங்கும்மா, வயசாயிருச்சில்ல" என்றார். அவர் குரலில் பதற்றம் இல்லை. பதினோரு வருடம் வளர்த்தவர் சொல்கிறார் என்று நம்பினேன்.

அவர் கொடுத்திருந்த மருத்துவர் எண்ணைக் கூப்பிட்டபோது அது பயன்பாட்டில் இல்லை என்று வந்தது.

ஐந்தாம் நாள் விடாத மழை. வடகிழக்குப் பருவமழையில் கோத்தகிரிப் பக்கம் மண் சரிவதும் மரம் விழுவதும் ஆண்டுதோறும் உள்ளதுதான். காலையில் என் இரண்டாவது ஊசிக்குப் போய் வரிசையில் நின்று திரும்பவே மதியம் ஆகிவிட்டது. நாயைக் கால்நடை மருந்தகத்துக்கு மறுநாள் காலை கொண்டுபோகலாம் என்று தள்ளிவைத்தேன். இருமல் இல்லாததால் மாத்திரையும் கொடுக்கவில்லை. "இருமினா குடுங்க" என்ற சொல் என்னை அப்படிக் கட்டிப்போட்டிருந்தது. இருமல் குறைந்து மூச்சு ஏறிக்கொண்டிருந்தபோது, சொன்ன சொல்லை மீறாமல் நடக்கிறேன் என்ற நிம்மதியில் இருந்தேன்.

மாலை அது சோறு தொடவில்லை. சீஸையும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

அன்றிரவு

1:15க்கு விழித்தேன். பொமரேனியன் படுக்காமல் உட்கார்ந்திருந்தது. முன்கால் முட்டிகள் வெளிப்பக்கம் விரிந்து, கழுத்து நீண்டு, வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு 64. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு இளஞ்சிவப்பாக இல்லை, சாம்பல் கலந்திருந்தது. ஆனால் நீலம் இல்லை.

வீட்டுக்காரர்களை மூன்று முறை கூப்பிட்டேன். அன்று மாலைதான் மகளை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள், போன் சத்தமில்லாமல் இருந்தது என்று பிறகு தெரிந்தது. முந்தைய வேலை ஒன்றில் பழக்கமான கோவை மருத்துவர் ஒருவர் எடுத்தார். வீடியோ அனுப்பச் சொன்னார், பார்த்தார். "நுரையீரல்ல நீர் இருக்கற மாதிரி தெரியுது. ஹார்ட்டுக்கு மருந்து எடுத்துட்டு இருந்ததா?" என்றார். இல்லை என்றேன். பிறகு டப்பா ஞாபகம் வந்து அட்டைத் துண்டுகளைப் படம் எடுத்து அனுப்பினேன். பெயரே இல்லாத மாத்திரையைக் கொடுக்கச் சொல்ல முடியாது என்றார். அவர் சொன்னது சரிதான். ஊகித்துக் கொடுத்த மாத்திரை வேறொன்றாக இருந்திருந்தால் அந்த நிலையில் நாய் தாங்கியிருக்காது.

அப்போதுதான் டப்பாவைப் பார்த்து அக்கா சொல்ல வந்தது நினைவுக்கு வந்தது. சமையலறைக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் அவர் எண் பென்சிலில் எழுதியிருந்தது. மணி 1:40. இரண்டாவது ரிங்கில் எடுத்தார்.

"சின்னதுக்கு மூச்சு வாங்குதா?" நான் சொல்லும் முன்பே கேட்டார். "நெஞ்சு மாத்திரை ரெண்டு வேளையும் போடுறீங்கல்லம்மா? வெள்ளை அரை, இன்னொண்ணு சோத்துக்கு முன்னாடி. எட்டு மாசமா நான்தானே போடுறேன். அம்மா கையால போட்டா துப்பிரும்."

மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போவதும் அவர்தான். மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு அவர் பையில் இருந்தது. பத்தாவது படிக்கும் மகள் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். ஃபுரோசிமைடு, பிமோபென்டான். இரண்டும் தினம் இரண்டு வேளை. எந்த மாத்திரை எப்படியிருக்கும், எந்தப் பக்கம் கோடு போட்டிருக்கும் என்பதை அக்கா சொல்லச் சொல்ல நான் டப்பாவிலிருப்பதோடு ஒத்துப்பார்த்தேன்.

கோவை மருத்துவர் சீட்டைப் பார்த்துவிட்டு அளவு சொன்னார். அந்த அளவை இங்கே எழுதவில்லை. எடையையும் சிறுநீரகத்தையும் பொறுத்து அது மாறும், யாரும் பார்த்துக் கொடுத்துவிடக் கூடாது. வாயைத் திறந்து திணித்தால் மூச்சு இன்னும் கெடும் என்பதால் தண்ணீரில் கரைத்துக் கன்னத்தின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாகவே விட்டேன். 1:55.

அடுத்த முடிவுதான் கடினமானது. உடனே கீழே போவதா, காத்திருப்பதா? கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், முழுக்க வளைவு. அங்கிருந்து கோவைக்கு இன்னும் அவ்வளவு. மழை, பனிமூட்டம், ரோட்டில் காட்டுமாடு நிற்கலாம். வண்டியில் ஆக்சிஜன் இல்லை. மூச்சுக்குத் தவிக்கும் நாயைத் தூக்கி அசைப்பதே ஆபத்து. மறுபக்கம், காத்திருந்து மாத்திரை வேலை செய்யாவிட்டால் வழியில்லாத இடத்தில் மாட்டிக்கொள்வோம். மருத்துவர் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். ஒன்றரை மணி நேரத்துக்குள் சிறுநீர் போய், மூச்சு 50க்குக் கீழே வந்தால் விடியும்வரை இரு. வராவிட்டாலோ ஈறு நீலமானாலோ மழையானாலும் கிளம்பு. அந்த எண் இருந்ததால்தான் பயத்தில் எதையாவது செய்யாமல் இருந்தேன். பக்கத்து ஹட்டியில் (படுகர் ஊரில்) இருக்கும் ஜீப் ஓட்டுநர் அண்ணனை எழுப்பித் தயாராக இருக்கச் சொன்னேன்.

கூடத்து ஜன்னலைச் சிறிது திறந்து, கம்பளியை எடுத்துவிட்டு, அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். தூக்கவில்லை, படுக்கவைக்கவில்லை. எப்படி உட்கார நினைக்கிறதோ அப்படியே விட்டேன். லாப்ரடார் பின்னால் நடந்துகொண்டே இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணி எழுதினேன்: 64, 62, 64, 58. 2:50க்கு எழுந்து வராந்தாவுக்குத் தள்ளாடிப் போய் நாளிதழில் நின்றது. வெகுநேரம் சிறுநீர் போயிற்று. 3:20க்கு 46. 4:30க்கு முன்கால்கள் மேல் தலை வைத்துப் படுத்தது.

5:40க்கு வெளிச்சம் வரத் தொடங்கியதும் கிளம்பினோம். லாப்ரடாரைப் பார்த்துக்கொள்ள அக்கா அதற்குள் மழையில் நடந்தே வந்துவிட்டார்.

கோவையில்

எக்ஸ்ரேயில் இதயம் பெருத்திருந்தது, நுரையீரலில் வெண்மையாக நீர் தெரிந்தது. ஊசி வழியாக மருந்து, ஆக்சிஜன், இரண்டு இரவு அங்கேயே.

வயதான சிறிய நாய்களுக்கு அதிகம் வரும் இதயநோய் இதுதான். இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு தடித்துச் சரியாக மூடாமல் போகும். ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் பின்னோக்கிக் கசியும். மேலறை பெருத்து மூச்சுக்குழாயை அழுத்துவதாலும் இருமல் வரும், அதைத்தான் வீடுகளில் சளி என்கிறார்கள். அழுத்தம் நுரையீரல் நாளங்களுக்கு ஏறினால் நீர் நுரையீரலுக்குள் கசியும். ஃபுரோசிமைடு அந்த நீரைச் சிறுநீராக வெளியேற்றும். பிமோபென்டான் இதயம் சுருங்கும் வலுவைக் கூட்டும், ரத்தக்குழாய்களைத் தளர்த்தும். இவை வாழ்நாள் முழுவதும் வேளை தவறாமல் போகவேண்டிய மருந்துகள்.

இப்போது முதல் மூன்று நாளின் குறிப்புகள் எல்லாம் வேறு அர்த்தம் கொண்டன. ஒரு லிட்டர் தண்ணீர், மூன்று முறை நாளிதழ் எல்லாம் ஞாயிறு காலை அக்கா கொடுத்த மாத்திரையின் வேலை. நான் "நிதானமாகிவிட்டது" என்று எழுதிய நாளில் மருந்து உடம்பை விட்டுப் போய், வெளியேற வேண்டிய நீர் உள்ளே தங்கத் தொடங்கியிருந்தது. நட்புக்காக நான் தினமும் கொடுத்த சீஸ் துண்டுகளின் உப்பும் அதற்குத் துணைபோயிருக்கும் என்றார் மருத்துவர். இதய நோயுள்ள நாய்க்கு உப்பு ஆகாது.

வீட்டுக்காரர்கள் சொன்னது

அன்று காலை 6:10க்கு அம்மா கூப்பிட்டார். நாங்கள் வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தோம். விடியற்காலை பேத்தி பிறந்த செய்தியைச் சொல்ல எடுத்த போன் அது. நான் விவரம் சொன்னதும் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஹார்ட்டுன்னு சொன்னா நீங்க வரமாட்டீங்கன்னு நினைச்சேம்மா" என்றார்.

எனக்கு முன் அவர்கள் கேட்டிருந்த ஒருவர் இதய நோய் என்று கேட்டதும் வர மறுத்துவிட்டாராம். பிரசவத் தேதி நெருங்கிவிட்டது. என் கூலி இரண்டு விதம் என்பதும் அம்மாவுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு 300 ரூபாய் அவர்களுக்குப் பெரிதல்ல. ஆனால் அந்தப் பிரிவே, நோயுள்ள நாய் என்றால் எனக்குப் பிடிக்காது என்று அவரை நினைக்கவைத்திருக்கிறது. மாத்திரையை விட்டுவிடவும் மனமில்லை, உண்மையைச் சொல்லவும் தைரியமில்லை. அதனால் சளி என்று பெயர் வைத்தார். எப்படியும் தினமும் இருமும், தினமும் கொடுத்துவிடுவேன் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அக்காவுக்கு லீவு கொடுத்ததில், அவர் இருந்தால் பேச்சுவாக்கில் சொல்லிவிடுவார் என்ற எண்ணமும் இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

காது கேட்காதது, இரவில் நடப்பது இரண்டையும் அவர்கள் மறைக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வந்ததால் அவை நோயாகவே அவர்கள் கண்ணில் படவில்லை. பெரியதை எழுப்பும்போது அய்யா காலால் தரையைத் தட்டுவாராம், அந்த அதிர்வுக்கு அது கண் திறக்குமாம். எப்போதிருந்து அப்படிச் செய்கிறார் என்று கேட்டேன். அவருக்கே நினைவில்லை. தடுப்பூசி மட்டும் இரண்டு வருடமாகப் போடவில்லை என்று தெரிந்தே இருந்தது.

அவர்கள் மேல் கோபம் இருந்ததா என்றால், இருந்தது. அந்த நாய் மூச்சுக்குக் கஷ்டப்பட்டதற்குக் காரணம் ஒரு பொய். ஆனால் அவர்கள் நாயை நேசிக்காதவர்கள் அல்ல. ஆள் கிடைக்காமல் போய்விடும் என்ற பயம், இந்த மலையில் வயதானவர்கள் பலருக்கும் உள்ள பயம்.

பிறகு

எட்டாம் நாள் அய்யா நேரே கோவை வந்து பணத்தைக் கட்டினார். நான் கொடுத்திருந்த முன்பணத்தையும் திருப்பித் தந்தார். எல்லோரும் சேர்ந்து மலையேறினோம். அவரால் குனிந்து தூக்க முடியாது என்பதால் மிச்ச நாட்களும் அங்கேயே இருந்தேன். அக்கா காலையும் மாலையும் வந்தார். தூங்கும் மூச்சு 24க்கும் 28க்கும் நடுவே நின்றது. லாப்ரடாருக்குத் தடுப்பூசி போடப்பட்டது. என்னைக் கடித்த பத்து நாளுக்குப் பிறகும் அது நன்றாகவே இருந்தாலும், என் கடைசி ஊசியையும் போட்டுக்கொண்டேன்.

பொமரேனியன் அதற்குப் பின் ஆறு மாதம் இருந்தது. மே மாதம் ஒரு இரவு கண்ணாடி வராந்தாவில், தன் படுக்கையில், அம்மா பக்கத்தில் இருக்கும்போது போயிற்று.

நான் மாற்றிக்கொண்டவை

இரண்டு விதக் கூலியை எடுத்துவிட்டேன். எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை, 950. நோயைச் சொன்னால் செலவு கூடும் என்ற ஏற்பாட்டை நானே செய்துவைத்துக்கொண்டு, ஏன் மறைக்கிறார்கள் என்று கேட்பது நியாயமில்லை. முதல் போனிலேயே சொல்லிவிடுகிறேன்: "நோய் இருந்தாலும் வருவேங்க. தெரியாம மட்டும் வரமாட்டேன்." இதைச் சொன்ன பிறகு பலர் மூச்சு விட்டுப் பேசத் தொடங்குவதைக் கேட்டிருக்கிறேன்.

உடம்பு சரியில்லையா என்ற கேள்வியையே விட்டுவிட்டேன். அதற்கு எப்போதும் "வயசு" என்றுதான் பதில் வரும். நேற்று காலையிலிருந்து இரவு வரை அதன் வாய்க்குள் என்னென்ன போனது, யார் கொடுத்தது, எத்தனை முறை கிண்ணம் நிரப்பினீர்கள், ராத்திரி யார் எழுந்தீர்கள், எதற்கு, எப்படி எழுப்புவீர்கள் என்று ஒரு நாளை மட்டும் விவரிக்கச் சொல்கிறேன். வீட்டுக்காரர்கள் கிளம்புவதற்கு முந்தைய இரவே போய்த் தங்குகிறேன். அன்று தூங்கும் மூச்சு, ஈறின் நிறம், குடித்த தண்ணீர் மூன்றையும் எழுதிவைத்தால்தான் பிறகு மாறியதா என்று தெரியும். இந்த வீட்டில் முதல் நாள் எண்ணியிருந்தால் நான்காம் நாள் 38 என்பதற்கு ஒப்பிட ஓர் எண் இருந்திருக்கும். அம்மாவின் குரலை நம்பியிருக்க வேண்டியதில்லை.

மருந்து முழு அட்டையாக, மருத்துவர் சீட்டோடு மேசை மேல் இருக்க வேண்டும். வெட்டிய துண்டை ஏற்பதில்லை. தடுப்பூசிப் புத்தகம் பீரோவுக்குள் போகக் கூடாது. மருத்துவர் எண்ணை வீட்டுக்காரர்கள் எதிரிலேயே கூப்பிட்டுப் பார்க்கிறேன். கால்நடை ஆம்புலன்ஸின் 1962ம், இரவில் வரச் சம்மதித்த ஓர் ஓட்டுநரின் எண்ணும் அதே தாளில் இருக்கும். எங்களைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் இன்ன தொகை வரை நீங்களே சிகிச்சைக்கு முடிவெடுக்கலாம் என்று கையெழுத்தும் வாங்குகிறேன். அந்த ஐந்தாம் இரவில் எனக்கு அந்த அனுமதி இல்லை. நாய் இறந்திருந்தால், யாரைக் கேட்டு மருந்து கொடுத்தாய் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருந்திருக்காது.

வேலைக்கு வரும் அக்காவோ தோட்டக்கார அண்ணனோ இருந்தால் அவர்களிடம் தனியாகப் பத்து நிமிடம் பேசுகிறேன். வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டுத்தான் பேசுவேன். இதில் ஒளிவுமறைவு இல்லை.

அந்த நவம்பருக்கு அடுத்து வந்த பிப்ரவரியில் அதே வீட்டுக்கு ஒரு வாரம் போனேன். இந்த முறை அக்காவுக்கு லீவு இல்லை. அம்மா ஒரு தாளைக் கொடுத்தார். அக்கா சொல்லச் சொல்ல அவர் மகள் எழுதியது, இரண்டு பக்கம். மாத்திரையின் பெயர், வேளை, நிறம், எந்தக் கடை எல்லாம் இருந்தன. கடைசி வரியில், "மாத்திரை போட்டதும் தொண்டைக்குக் கீழ கொஞ்ச நேரம் தடவிக் குடுக்கணும், இல்லன்னா நாக்குக்கு அடியில வச்சிருந்து அப்புறமா துப்பும்" என்று இருந்தது. அம்மா அதைப் படித்துவிட்டு, இது எனக்கே தெரியாது என்றார்.